கவர் இல்லாமல் வந்த லோடு

மூட்டையைப் பிரிக்கும் முன் அன்புச்செல்வி அதை முகர்ந்து பார்க்கிறார். தி.நகர் ஜவுளிக்கடை ஒன்றின் பின்வாசலில், சரக்கு இறங்கும் இடத்தில், பத்தொன்பது வருடமாக இந்த மூக்குதான் பரிசோதனைக்கூடம். "பட்டினப்பாக்கத்துக்காரி மூக்கு நைனா. மீனையே கண்டுபுடிக்கும், பொடவை இன்னா பெருசு?"

லாரிக்காரர்கள் அத்தனை பேரும் அவருக்கு நைனாதான். சரக்கு தாமதமானால் மட்டும் அந்த நைனாவில் பாசம் இருக்காது. பட்டில் இழை மாட்டிவிடும் என்று நகம் வளர்ப்பதில்லை. வேலை நேரத்தில் வளையல்களை முழங்கைக்கு ஏற்றி ரப்பர் பேண்டு போட்டுவிடுவார்.

ஒரு சேலைக்கு ஒரு பிளாஸ்டிக் கவர். நாளெல்லாம் கிழித்துக் கிழித்து ஒருநாள் பொறுக்கமாட்டாமல் முதலாளி சுயம்புலிங்கத்திடமே கேட்டுவிட்டார். "எங்க அக்கா வூடு பெருங்குடில. குப்பைமேடு பத்திக்கிச்சுனா அக்கா இருமிக்கினே கீது. நான் கிழிச்சுப் போட்டதும் அங்கதானே போவுது?" கவருக்குப் பதில் கட்டுக்கட்டாகத் துணியில் சுற்றி அனுப்பச் சொல்லலாம், வந்த லாரியிலேயே துணியைத் திருப்பிவிடலாம் என்று யோசனையும் சொன்னார். திருநெல்வேலிக்காரரான முதலாளி மூன்று மாதம் யோசித்தார். "ஒரு லோடு பாப்பம்மா. ஒரு சேலையில கறை பட்டாலும் பழையபடி கவர்தான், பாத்துக்கிடுங்க."

போன செவ்வாய்க்கிழமை அந்த லோடு சேலம் பக்கத்து இளம்பிள்ளையிலிருந்து வந்தது. வழியெல்லாம் ஆடி மழை. இருநூறு சேலையையும் அன்புச்செல்வியே விரித்துப் பார்த்தார். நூற்று எழுபதைத் தாண்டியபோது ஒரு சேலையின் ஓரத்தில் கட்டைவிரல் அகலத்துக்கு ஈரக்கறை. அடியில் செருகிவிட்டால் யாருக்கும் தெரியாது; ஆனால் அந்த வித்தையெல்லாம் அவருக்கு வராது. சேலையையும், அந்தக் கட்டைச் சுற்றிவந்த துணியையும் எடுத்துக்கொண்டு நேரே முதலாளியிடம் போனார்.

"ஒண்ணுல கறை கீது மொதலாளி. ஆனா போன மழைக்குக் கவர்ல வந்த லோடு நெனப்பு கீதா? உள்ளாற வேர்த்து பதினேழு பொடவை பூசணம் பூத்துக் கெடந்துச்சு. நீங்கதான் திருப்பி அனுப்பினீங்க."

சுயம்புலிங்கம் கறையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நின்றுகொண்டே இருக்கப் பிடிக்காமல் அன்புச்செல்வி துணியை மடிக்க ஆரம்பித்தார். எட்டு முழத் துணி, கைக்கு அடங்காமல் தரையில் புரண்டது.

முதலாளி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"அந்த முனைய இங்க தாங்கம்மா. துணிய ஏத்துமுன்ன லாரி கெளம்பிரப் போவுது" என்று இரண்டு கைகளையும் நீட்டினார்.