குதிரைகளுக்குப் பார்த்து வைத்த கடிகாரங்கள்

தர்மபுரி பேருந்து நிலையத்தில் முப்பது வருஷம் டைம் கீப்பராக இருந்தவன் நான். எந்த பஸ் எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று விசில் ஊதுகிற வேலை. ஒரு நிமிஷத்துக்காக டிரைவர்கள் என் சட்டையைப் பிடிக்க வருவார்கள். தலைக்கு மேலே தொங்கும் கடிகாரத்தைக் கையால் காட்டுவேன். அதோடு பேச்சு முடிந்தது.

அந்தக் கறாரை நம்பித்தான், நல்லம்பள்ளிப் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருக்கும் குதிரைப் பிரியர் ஒருவர் வீடு தேடி வந்தார். நாற்பது கிலோமீட்டர் குதிரைச் சவாரிப் போட்டி நடத்துகிறாராம், நேரம் பார்க்க நான் வர வேண்டுமாம். வேகமாக ஓடினால் மட்டும் போதாதாம். முடிவுக்கோட்டைத் தாண்டிய இருபது நிமிஷத்துக்குள் குதிரையின் நாடித்துடிப்பு அறுபத்துநாலுக்கு இறங்க வேண்டும். இறங்காவிட்டால் ஓடியது செல்லாது. கோட்டருகே ஒரு கடிகாரம், கால்நடை மருத்துவர் மேசையருகே இன்னொன்று. இரண்டும் ஒரே நேரம் காட்ட வேண்டும். செல்போன் போதாதா என்று அவர் கேட்டார். ஆளாளுக்குப் போனைப் பார்த்துக்கொண்டால் நான் எதற்கு என்று கேட்டேன்.

கடிகாரக் கடைக்காரர் ஒருவரிடம் ஆறு கடிகாரங்களை ஒரு வாரத்துக்கு இரவல் வாங்கி, சாப்பாட்டு மேசையில் வரிசையாகப் படுக்கவைத்தேன். நானும் என் மனைவியும் ஒரு வாரம் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். தினமும் போனை வைத்து நொடி நொடியாகச் சரிபார்த்ததில் நாலு கழிந்தன. இரண்டு மட்டும் ஒட்டிப் பிறந்தவைபோல் ஓடின. அதோடு விட்டிருக்கலாம். மருத்துவரின் கடிகாரம் பந்தல்காலில் தொங்கப்போகிறதே, படுத்து ஓடியது தொங்கினால் ஒழுங்காக ஓடுமா என்று சந்தேகம் வந்துவிட்டது. கடைசி நாள் அதைக் கூடத்து ஆணியில் மாட்டினேன். அங்கே இருந்த பழைய கடிகாரம் போன வருஷமே செத்துப் பரண் ஏறியிருந்தது. மறுநாள் காலை கிளம்புகிற அவசரத்தில், முள் ஓடுகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு, புதியதைக் கழற்றித் துண்டில் சுற்றி, குழந்தையைப்போல மடியில் வைத்துக்கொண்டு போனேன். மனைவியும் குதிரை பார்க்க வந்தாள்.

ஏரியூரிலிருந்து ஒரு பள்ளி ஆசிரியை வெள்ளைக் குதிரையோடு வந்திருந்தார். மூச்சு வாங்குகிற குதிரை, விற்றுத் தொலை என்று வீட்டில் நச்சரிக்கிறார்களாம். இதை முடித்துக் காட்டினால் விற்க மாட்டோம் என்று மாமனார் வாக்குக் கொடுத்திருக்கிறார் என்று பேர் கொடுக்கும்போதே சொன்னார். ஒன்பது நாற்பதுக்குக் கோட்டைத் தாண்டினார். குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிக் குதிரையைத் தணித்தார். மருத்துவர் அறுபத்துநாலு என்று சொன்னபோது பந்தல்காலில் மணி பத்து மூன்று. இருபத்துமூன்று நிமிஷம். செல்லாது என்று எழுதினேன்.

அவர் சண்டைக்கு வரவில்லை. குதிரையின் கழுத்தில் கையை வைத்தபடி, "என் வாட்சுல பதினெட்டு நிமிசந்தானுங்க சார் ஆச்சு" என்றார்.

வழக்கம்போலக் கடிகாரத்தைக் காட்டினேன்.

என் மனைவி அதை அண்ணாந்து பார்த்தாள். முகம் மாறிவிட்டது. பக்கத்தில் வந்து, "ஏனுங்க, இது நம்ம கூடத்துல மாட்டுனதா? இதை நேத்து நான் அஞ்சு நிமிசம் முன்னால தள்ளி வச்சனே" என்றாள்.

எதற்கு என்று கேட்டேன். வூட்டுக் கடியாரத்தைத் தள்ளித்தானே வைப்பாங்க, ஆணியில தொங்குனதும் கை தன்னால போயிருச்சு என்றாள்.

"எப்ப இருந்து இந்தப் பழக்கம்?"

"கண்ணாலமான வாரத்துல இருந்துங்க. இல்லீன்னா நீங்க என்னிக்கு நேரத்துக்கு வேலைக்குப் போயிருப்பீங்க?"

அந்தப் பழைய கடிகாரத்தைப் பார்த்துத்தான் தினமும் காலையில் என் கைக்கடிகாரத்தைத் திருப்புவேன். கைக்கடிகாரத்தைப் பார்த்து பஸ் ஸ்டாண்டு கடிகாரத்தைத் திருப்புவேன். ரேடியோவில் செய்தி தாமதமாக வருகிறது என்று வருஷக்கணக்காகத் திட்டியவனும் நான்தான். வெட்கமாக இருந்தது. செல்லாது என்பதை அடித்து, பதினெட்டு நிமிஷம் என்று எழுதி, எல்லோருக்கும் கேட்கும்படி தவறு என்னுடையது என்று சொன்னேன்.

ஆசிரியைக்குக் கண் கலங்கியது, சிரிப்பும் வந்தது. "காலேஜ் படிக்கறப்ப ஏரியூர் பஸ்ஸ எத்தனை நாள் கண்ணு முன்னாடி விட்டிருக்கேன் தெரியுங்களா சார்? நீங்கதான் விசில் ஊதுவீங்க. அப்பவும் என் வாட்சு சரியாத்தானுங்க இருந்துச்சு" என்றார்.

பதிலுக்கு என் கை தானாகக் கடிகாரத்தை நோக்கிக் கிளம்பியது. பாதியிலேயே இறக்கிக்கொண்டேன்.