அவித்துக் கொட்டிய பூஞ்சை

கறுப்புத் தாள் சுற்றிய ஒரு சின்னக் கண்ணாடிப் புட்டி என் வீட்டு அலமாரியில், மருந்துச் சீட்டுகளுக்குப் பின்னால் இருக்கிறது. உள்ளே கடுங்காப்பி நிறத்தில் அரை விரல் உயரத்துக்குத் திரவம். கோவில்பட்டியில் ஒரு கல்லூரியின் நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் நான் உதவியாளன். கல்லூரிப் பொருளை வீட்டுக்கு எடுத்துவந்தது தப்புதான். அதற்காக நான் வெட்கப்படவில்லை. வெட்கப்பட வேறு காரியம் இருக்கிறது.

அந்தத் திரவத்தைச் செய்தவள் எங்கள் துறையில் ஆராய்ச்சி மாணவியாக இருந்தாள். நான் அவளைத் தாயி என்பேன், அவள் என்னை அண்ணாச்சி என்பாள். புதூர்ப் பக்கம் ஆடு மேய்க்கும் குடும்பம். மழை பெய்தால் கரிசல் சேற்றில் நின்று நின்று ஆடுகளின் குளம்பு அழுகிவிடும். அந்தச் சீழில் இருக்கும் கிருமியைக் கொல்ல ஒரு மருந்து வேண்டும் என்பதுதான் அவள் பிடிவாதம். முதல் பஸ்ஸில் தூத்துக்குடிக்குப் போவாள். வலையில் மீனோடு சிக்கி, வேண்டாமென்று மீனவர்கள் எறியும் கடற்பஞ்சை, அதுவும் ஒரு கடலுயிர்தான், ஐஸ் பெட்டியில் கொண்டுவருவாள். அதன் உள்சதையைத் துளியாக வெட்டி வைத்தால், உள்ளே குடியிருந்த பூஞ்சை மெல்ல வளர்ந்து வெளியே வரும். அந்தப் பூஞ்சையைக் கழுவி ஊறவைத்து, வடித்த நீரில் வெள்ளி உப்பைக் கலந்து இருட்டில் வைப்பாள். வெள்ளி கண்ணுக்குத் தெரியாத துகள்களாக மாறினால் தண்ணீர் பழுப்பாகும். துளி கடலுப்பு ஒட்டியிருந்தாலும் எல்லாம் வெள்ளையாகத் திரிந்துவிடும். எத்தனையோ முறை திரிந்தது. வெள்ளி உப்புப் பட்டு அவள் விரல்கள் கறுத்துக் கிடந்தன. "எந்தத் தீப்பெட்டி ஆபீஸ்ல வேல பாக்க?" என்று, தீக்குச்சி மருந்துக் கறையென்று நினைத்து, பஸ்ஸில் ஒரு அம்மா கேட்டாளாம். "நானும் பாக்கேன் சித்தி, ஒண்ணும் பத்த மாட்டேங்குது" என்றாளாம் இவள்.

ஒருநாள் பத்தியது. ஒரே ஒரு பூஞ்சை, சாம்பல் பச்சை நிறம், அது மட்டும் தண்ணீரைப் பழுப்பாக்கியது. ஆட்டுக் குளம்பிலிருந்து எடுத்த கிருமியைத் தட்டில் வளர்த்து, அந்தத் தண்ணீரில் நனைத்த காகித வில்லையை நடுவில் வைத்தாள். மறுநாள் வில்லையைச் சுற்றிக் கிருமி அண்டாமல் ஒரு வட்டம் தெளிவாக நின்றது. என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டினாள். ஆராய்ச்சியை முடிக்க அவளுக்கு இன்னும் ஆறு மாதம்தான் இருந்தது.

அந்த வாரம் மழை. வீட்டில் ஆடுகள் நொண்டுகின்றன என்று போன் வந்தது. "மூணு நாள்ல வந்துருதேன் அண்ணாச்சி. குளிர்பெட்டியில அந்தப் பூஞ்சைய ரெண்டு வரிசைக் குழாய்ல வச்சிருக்கேன், ஒண்ணு கெட்டா இன்னொண்ணு இருக்கும்னு. யாரும் தொடாமப் பாத்துக்கிடுங்க" என்று சொல்லிப் போனாள்.

மறுநாளே கல்லூரி முதல்வர் வந்தார். கல்லூரிக்கு மதிப்பெண் போட ஆய்வுக் குழு வரப்போகிறது, சுவருக்குக்கூடப் புதுச் சுண்ணாம்பு. குளிர்பெட்டியைத் திறந்தவர் முகம் சுளித்தார். "என்ன அண்ணாச்சி இது, ஊசிப்போன சோறு மாதிரி பூத்துக் கெடக்கு? குழு பாத்தா அசிங்கம். எல்லாத்தையும் அவிச்சுக் கொட்டுங்க." அவர் வணிகவியல் படித்தவர், அவருக்குத் தெரியாது. பூஞ்சை வளர்ப்பதுதான் எங்கள் பிழைப்பு என்று சொல்ல வேண்டிய துறைத் தலைவர் பக்கத்திலேயே நின்றார். அந்தப் பெண்ணின் வழிகாட்டியும் அவர்தான். "சரி சார், பண்ணிடலாம்" என்றார். எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது. பதவிக்குப் பயந்த அந்த வாயில் அன்றைக்கு ஒரு வார்த்தை வந்திருந்தால் என்ன குறைந்திருக்கும்? என் வாய்தான் எங்கே போயிற்று? நான்தான் குழாய்களை அடுக்கினேன். நான்தான் மூடியை முறுக்கினேன். கால் மணி நேரம் நீராவியில் அவித்தேன். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது என்பார்கள். தாழி தானாக உடையுமா?

மூன்றாம் நாள் திரும்பி வந்தாள். குளிர்பெட்டியைப் பார்த்துக்கொண்டே, "ரெண்டாவது வரிசையுமா அண்ணாச்சி?" என்று மட்டும் கேட்டாள். பிறகு எத்தனையோ கடற்பஞ்சு கொண்டுவந்தாள். அந்தப் பூஞ்சை மறுபடி வரவில்லை. ஆறு மாதம் முடிந்தது, ஆராய்ச்சி முடியவில்லை. அவள் மேசையில் மிஞ்சிய வெள்ளித் தண்ணீர்ப் புட்டியை நான் வீட்டுக்கு எடுத்துவந்துவிட்டேன். இப்போது திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் சாயம் பரிசோதிக்கிறாள்.

போன வாரம் மறுபடியும் ஆய்வுக் குழு வருகிறது என்றார்கள். துறைத் தலைவர் என் மேசைக்கே வந்தார். "அந்தப் பொண்ணு பண்ணுன வெள்ளித் தண்ணி ஒரு புட்டி இருந்துச்சே அண்ணாச்சி? வாசல்ல கண்ணாடிப் பெட்டியில வைப்போம். நம்ம துறையோட சாதனைன்னு ஒரு அட்டை எழுதிருதேன்."

"பூசணம் புடிச்சதுன்னு அன்னைக்கே அவிச்சுக் கொட்டியாச்சே சார். நீங்களும் நின்னு பாத்தீங்களே" என்றேன். அவர் தன் அறைக்குத் திரும்பிப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து கறுப்புத் தாளைப் பிரித்துப் பார்த்தேன். நிறம் அப்படியேதான் இருக்கிறது, அடியில் கொஞ்சம் வண்டல். அவளுக்கு அனுப்பட்டுமா என்று போனில் கேட்டேன். "அதுல இருந்து எதுவும் வளராதுல்லா அண்ணாச்சி, நீங்களே வச்சுக்கிடுங்க" என்றாள். அவள் கையெழுத்துச் சீட்டு இன்னும் புட்டியில் ஒட்டியிருக்கிறது. தாளைத் திரும்பச் சுற்றி, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.