எஸ்கலேட்டரில் நான் விட்டுவிட்டு வந்த கை

அம்மா தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறார். எனக்குக் கொழும்பில் அலுவலக வேலை. கண்ணை டாக்டரிடம் காட்டுவதற்காக வந்திருந்த அம்மாவை, புதிதாகக் கட்டிய பெரிய ஷொப்பிங் மோல் ஒன்றுக்குக் கூட்டிப் போனேன். அதன் கூரை முழுக்கக் கண்ணாடி. தாமரை இதழ்போல் விரிந்திருந்த அதை அண்ணாந்து பார்த்து, "மழை பேஞ்சா என்னா சத்தம் கேக்கும்!" என்று வியந்தார்.

எஸ்கலேட்டருக்கு முன்னால் வந்ததும் அவர் கால் நகரவில்லை.

"பயமா இருக்கு தம்பி. கையப் புடிச்சுக்கப்பா."

மேல் மாடியில் என் அலுவலக நண்பர்கள் இருவர் நிற்பதை அப்போதுதான் கண்டேன்.

"எல்லாரும் பாக்குறாங்க, பேசாம ஏறி வாங்கம்மா," என்று பல்லைக் கடித்தபடி சொல்லிவிட்டு, நான் மட்டும் ஏறிப் போய் அவர்களோடு பேச ஆரம்பித்தேன்.

முன்பின் தெரியாத ஒரு சிங்களப் பெண்தான் அம்மாவின் கையைப் பிடித்து மேலே கூட்டி வந்தாள். எங்கள் அருகில் வந்ததும், "யாரோட வந்தீங்க அம்மா?" என்று சிங்களத்தில் கேட்டாள்.

அம்மா என்னைப் பார்த்தார். என் நண்பர்களையும் பார்த்தார்.

"தனியாத்தான் வந்தேன்," என்று தனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னார்.

நான் நண்பர்கள் பக்கம் திரும்பிக்கொண்டேன். நண்பர்கள் போகும்வரை அம்மா ஒரு கடையோரமாக ஒதுங்கி நின்றார்.

அடுத்த பொங்கலுக்குத் தோட்டத்துக்குப் போனேன். பக்கத்து வீட்டு அக்கா என்னைப் பார்த்ததும், "அம்மா சொன்னாங்க தம்பி, கையப் புடிச்சு மேல கூட்டிட்டுப் போனியாமே! இப்படி ஒரு மகன் யாருக்குக் கெடைக்கும்?" என்றார்.

அம்மா அடுப்படியில் இருந்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

நான் சிரித்து வைத்தேன். அன்றும் உண்மையைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.