பாவு முதலா, ஊடை முதலா

நேற்று மதியம் ஆசிரியர் அறையில் எலுமிச்சை சாத வாசனையும் சிவப்பு மை வாசனையும் கலந்து கிடந்தன. போன மாதம்தான் வேலைக்குச் சேர்ந்த பெண் ஒன்பதாம் வகுப்புத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தாள். "எல்லாம் சேந்து காப்பி அடிச்சிருக்குதுங்க மிஸ், எல்லார் பேப்பர்லயும் ஒரே தப்பு இருக்குது" என்று சலித்துக்கொண்டாள். நான் டிபன் டப்பாவை மூடிவிட்டேன். அதே வார்த்தையை இதே காஞ்சிபுரத்தில் நானும் சொல்லியிருக்கிறேன், இன்னும் சத்தமாக.

அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. தென்னேரியிலிருந்து பஸ் பிடித்து வருவேன். பஸ்ஸில் யாராவது "டீச்சர், உக்காருங்க" என்று இடம் கொடுத்துவிட்டால் அன்று முழுக்கக் கால் தரையில் பாவாது. நல்ல டீச்சர் என்றால் வேகமாகப் பாடம் முடிப்பவர் என்று நினைப்பு. கரும்பலகைப் பக்கம் திரும்பினால் மணி அடிக்கும்போதுதான் பிள்ளைகள் பக்கம் திரும்புவேன். பாவம், என் முதுகு அவர்களுக்கு மனப்பாடம்.

வரைபடத்தாள் பாடம். (3, 5) என்றால் குறுக்கே மூன்று கட்டம், மேலே ஐந்து கட்டம் போய்ப் புள்ளி வைக்க வேண்டும். இதில் என்ன கஷ்டம்? தேர்வுத் தாள்களைப் பிரித்தால் பதினொரு பேர் மேலே மூன்று, குறுக்கே ஐந்து என்று வைத்திருந்தார்கள். பதினொரு பேரும் நெசவுக்காரர் தெருப் பிள்ளைகள்; சேர்ந்தே வருவார்கள், சேர்ந்தே உட்காருவார்கள். எனக்குள் இருந்த போலீஸ்காரி விழித்துக்கொண்டாள். நடுவில் உட்காரும் மலர்க்கொடியைப் பார்த்துத்தான் மற்றவர்கள் எழுதியிருக்க வேண்டும் என்று முடிவு கட்டி, அவளை எழுப்பி நிறுத்தினேன்.

"யாரும் யாரையும் பாக்கல மிஸ்" என்றாள். நான் விடவில்லை. அவள் தாளில் "காப்பி அடித்தது. பெற்றோர் கையெழுத்து வாங்கி வரவும்" என்று கொட்டை எழுத்தில் எழுதிக் கொடுத்தேன்.

மறுநாள் அவள் வரவில்லை. நான்கு நாள் ஆயிற்று. "அவ இனிமே ஸ்கூலுக்கே வரமாட்டாளாம் மிஸ். திருடின்னு சொன்னாப்பல இருக்குதுன்னு அழுதுக்கினு இருக்கா" என்றாள் பக்கத்துப் பெஞ்சுக்காரி. என் ஒரு வரியால் ஒரு பெண்ணின் படிப்பு நின்றுவிடுமோ என்று பயந்து, அன்று சாயங்காலமே வீடு தேடிப் போனேன்.

"வாங்க மிஸ்" என்று அவள் அம்மா தறியை விட்டு எழுந்தார். மலர்க்கொடி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். என்ன பேசுவதென்று தெரியாமல் ஒரு தாளில் கட்டம் போட்டு நீட்டினேன். "மூணு, அஞ்சு எங்க வரும்? தப்பானாலும் பரவால்ல. நீ எப்படிப் போறேன்னு மட்டும் சொல்லு." அதற்கு முன் எந்தப் பிள்ளையிடமும் நான் அப்படிக் கேட்டதில்லை.

அவள் தறியைக் காட்டினாள். "பாவுதானே மிஸ் மொதல்ல? அந்த நூல நெடுக்கால நீட்டிக் கட்டணும். பாவு இல்லாம குறுக்கு நூலு, ஊடைய எங்க ஓட்டறது? அதான் மொத நம்பர் நெடுக்கால, ரெண்டாவது குறுக்கால."

பிறந்ததிலிருந்து பார்க்கிற வரிசை அது. பதினொரு பேரும் அவரவர் வீட்டைப் பார்த்துத்தான் எழுதியிருக்கிறார்கள். விவசாயி மகளான எனக்கு நாற்று நடவு தெரியும், நெசவு எங்கே தெரியும் என்று சாக்குச் சொல்லலாம்தான். ஆனால் வாயைத் திறந்து கேட்டிருக்கலாமே. வெட்கமாக இருந்தது.

"தப்பு என்னுது மலரு. நாளைக்கு வா" என்றேன். அவள் அம்மாவைப் பார்த்தாள். "போயிட்டு வாமா" என்றார் அவர்.

மறுநாள் வகுப்பில் எல்லோர் முன்னாலும் அதையே சொன்னேன். "கணக்குல மட்டும் மொதல்ல ஊடைய ஓட்டிட்டு அப்புறம் பாவு நீட்டுவாங்க, கொஞ்சம் கோணப் புத்தி" என்றதும் வகுப்பே சிரித்தது. அடுத்த தேர்வில் புள்ளிகள் எல்லாம் சரியான இடத்தில் உட்கார்ந்திருந்தன. அன்றிலிருந்து ஒரு விடை தப்பாக இருந்தால், எழுதிய பிள்ளையைக் கூப்பிட்டுக் கேட்டுவிட்டுத்தான் பேனாவைத் திறக்கிறேன்.

இதையெல்லாம் அந்தப் புதுப் பெண்ணிடம் சொன்னேன். அவள் தாள்களை ஒதுக்கிவிட்டு, ஒரு பிள்ளையைக் கூப்பிட்டனுப்பினாள்.

அன்று நான் பாடம் நடத்திய ஓட்டுக் கட்டடம் இப்போது இல்லை. கட்டம் போட்ட கரும்பலகையும் இல்லை. மலர்க்கொடியின் தாளோ அப்போதே இல்லாமல் போயிற்று. அவள் திரும்பி வந்த அன்றே, நான் எழுதியதை அடித்துத் தருகிறேன், கொண்டு வா என்று கேட்டேன். "அது இல்ல மிஸ். நீங்க வந்துட்டுப் போன அன்னிக்கே அம்மா கிழிச்சுப் போட்டுட்டாங்க. யாராவது பாத்தா உங்களுக்குக் கெட்ட பேரு வருமாம்" என்றாள்.