தட்டு வரும்போது வரும் இருமல்

குமாரபாளையத்து மாடிச் சபையில் தண்ணீர்த் தட்டு வரும்போது தண்டாயுதபாணிக்கு இருமல் வந்துவிடும். எல்லா ஞாயிறும் அல்ல. தட்டை ஜீவானந்தம் ஏந்தி வரும் ஞாயிறுகளில் மட்டும். கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொள்வார். தட்டு கடந்துபோனதும் இருமல் நின்றுவிடும். அது மோர்மன் சபை. நற்கருணைக்குத் திராட்சை ரசம் கிடையாது, ரொட்டியும் சின்னக் குவளைகளில் தண்ணீரும்தான்.

ஜீவானந்தத்தின் மனைவி கோகிலவாணி பல வருடங்களாக இதைக் கவனித்து வந்தாள். யாரிடமும் சொன்னதில்லை. சபை கூடும் கூடம் இருந்தது தண்டாயுதபாணியின் தறிப்பட்டறைக்கு மேலே. அவர் ஊருக்குள் இருப்பவர்; இவர்கள் காலனிக்காரர்கள்.

ஜீவானந்தம் ஞானஸ்நானம் பெற்றது கானாவில். திருச்செங்கோட்டு ரிக் வண்டியோடு ஆழ்துளைக் கிணறு போடப் போயிருந்தார். நம் பக்கத்து மேனேஜர் அங்கே கறுப்பு ஆட்களுக்குத் தனித் தண்ணீர்க் கேன் வைத்திருந்தார். ஜீவானந்தம் அந்தக் கேனில்தான் குடித்தார். அங்கே சபைத் தலைவர், பஞ்சர் ஒட்டும் ஒரு கறுப்பர். 1978 வரை அமெரிக்கத் தலைமை கறுப்பு ஆண்களுக்குத் தட்டை ஆசீர்வதிக்கும் உரிமையான குருத்துவம் தரவில்லை, தன் அப்பா காலத்தவர்கள் அதற்கு முன்பே தாங்களாகக் கூடி ஜெபித்துக் காத்திருந்தார்கள் என்று அவர் சொல்லியிருந்தார்.

போன வருடம் ஜீவானந்தத்தையே இங்கே தலைவராக்கப் போவதாகச் சபை மேலிடத்தில் சொல்லி அனுப்பினார்கள். கோகிலவாணிக்குச் சோறு இறங்கவில்லை.

"ஏனுங்க, வேண்டான்னு சொல்லீருங்க."

"அங்கயே மாறிப்போச்சு புள்ள. இங்க மாறாதா?"

வெளியூரிலிருந்து வந்த மேலதிகாரி, சம்மதிப்பவர்கள் வலது கையை உயர்த்துங்கள் என்றார். முதலில் உயர்ந்தது தண்டாயுதபாணியின் கை. பின்னாலேயே கூடம் முழுவதும் கை தூக்கியது. எதிர்ப்பவர்கள் உண்டா என்றும் அவர் கேட்டார். ஒருவரும் அசையவில்லை. வந்த விருந்தாளியின் முகத்துக்கு நேரே இந்த ஊரில் யாரும் மாட்டேன் என்று சொல்ல மாட்டார்கள் என்பது அவருக்குத் தெரியாது. மகிழ்ச்சியோடு கிளம்பிப் போனார்.

அடுத்த ஞாயிறு புதிய தலைவர் தண்ணீரை ஆசீர்வதித்துத் தட்டை எடுத்து வந்தார். தண்டாயுதபாணி இருமினார். அவர் மனைவி இருமினாள். அடுத்த வரிசையும் இருமியது. பாவாடை கட்டிய ஒரு சிறுமிகூட அம்மாவைப் பார்த்துவிட்டு வாயைப் பொத்தி இருமினாள். தட்டு நிறைந்தபடியே திரும்பி வந்தது.

கூட்டம் முடிந்ததும் தண்டாயுதபாணி படிக்கட்டருகே நின்று சிரித்தார்.

"தலைவரானது சந்தோசமுங்க பிரதர். மாடி ஏறுனவங்க பத்தரமா எறங்கோணும், அவ்வளவுதானுங்க."

அவர் ஜீவானந்தத்திடம் அத்தனை மரியாதையாகப் பேசிக் கோகிலவாணி கேட்டதேயில்லை. இறங்கும்போது கைப்பிடிக் கம்பியைப் பிடித்தாள், அது ஆடியது. காலையில் ஏறும்போது ஆடவில்லை.

ஜீவானந்தம் இன்றும் தலைவராகத்தான் இருக்கிறார். கம்பியை யாரும் சரிசெய்யவில்லை. ஞாயிறுதோறும் அவருடையதும் கோகிலவாணியுடையதுமாக இரண்டு குவளைகள் மட்டும் காலியாகின்றன. இறங்கும்போது கம்பியை அசைத்துப் பார்த்தபடி கோகிலவாணி அவருக்கு முன்னால் இறங்குகிறாள்.