ஸ்விண்டனில் பத்து நிமிடம்

மரியதாஸ் அண்ணை போய்விட்டார் என்ற செய்தி, ஹோர்சன்ஸ் நகரில் நாங்கள் வேலை செய்யும் பண்டகசாலையில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தபோது வந்தது. அவருடைய மகள் பேசினாள். "அங்கிள், அப்பா நித்திரையிலயே போயிட்டார்." பதினெட்டு வருடம் எனக்குப் பக்கத்தில் நின்று வேலை செய்த மனிதர். அழுதேன். ஆனால் அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் சிரிப்புத்தான் வருகிறது. அவரை அறிந்தவர்கள் மன்னிப்பார்கள்.

அவருக்கு ஒரே பைத்தியம், ஸ்விண்டன். இங்கிலாந்தில் நீராவி என்ஜின்கள் கட்டிய ரயில் நகரம். இளமையில் ஒருமுறை அவ்வழியே ரயிலில் போனவர், இறங்கவில்லை. "அண்டைக்கு இறங்கியிருக்கோணும் தம்பி" என்பதை இடைவேளைதோறும் கேட்டிருக்கிறேன்.

போன கோடையில் பிரிஸ்டலில் என் மகளின் கல்யாணம். அண்ணையும் எங்களோடு வந்தார். விமானத்தில் லண்டனில் இறங்கி வான் பிடித்தோம். மாலை ஆறு மணிக்கு மாப்பிள்ளை வீட்டில் பலகாரத்தோடு நிற்க வேண்டும். என் மனைவி மூன்று நாள் நின்று சுட்ட பயற்றம்பணியாரம், ஏழு பெட்டி. முதல் சம்பந்தம், ஒரு குறையும் வரக்கூடாது என்று அவளுக்கு நெஞ்சிடி. வழியில் ஸ்விண்டன் பலகை தெரிந்ததுதான் தாமதம், "அந்தக் காலத்தில எல்லா ரயிலும் இங்க சாப்பாட்டுக்குப் பத்து நிமிசம் நிண்டுதான் போகும். நாங்களும் பத்து நிமிசம் நிப்பம்" என்றார் அண்ணை.

பத்து நிமிடமாவது மண்ணாவது! மூன்று மணித்தியாலம். பழைய என்ஜின் தொழிற்சாலையில் ஒரு பகுதி அருங்காட்சியகம், மறுபகுதி கடைத்தொகுதி. எங்களோடு வந்த பெண்கள் செருப்புக் கடைக்குள் நுழைந்தால் அண்ணை அங்கேயும் வந்து, "தங்கச்சி, நீர் நிக்கிற இடத்திலதான் என்ஜின் கட்டினவை" என்றார். தொழிலாளர்கள் கூலியில் கொஞ்சம் போட்டுத் தங்களுக்கென்று ஆஸ்பத்திரி நடத்திய கதையைச் சொன்னபோது மட்டும் பக்கத்துச் சுவரைத் தடவிக்கொண்டே நின்றார்.

அருங்காட்சியகத்தில் முன்னாள் தொழிலாளியான ஒரு கிழவர் அவரை என்ஜினில் ஏற்றிவிட்டார். இறங்கிய அண்ணை வானுக்கு ஓடிப்போய் ஒரு பலகாரப் பெட்டியைக் கொண்டுவந்து அவர் கையில் வைத்துவிட்டார்.

என் மனைவி எண்ணினாள். ஆறு. "ஐயோ, நல்ல காரியத்துக்கு இரட்டைப்படையாக் கொண்டுபோறதோ! உங்களுக்கு மூளை இருக்கோ அண்ணை?"

"அதுக்கென்ன, இன்னொண்டையும் குடுத்தால் ஐஞ்சு."

சொன்ன கையோடு, தொழிலாளருக்கென அன்று கட்டிய கல்வீடுகளில் ஒன்றின் வாசலில் நின்ற பெண்ணிடம் கொடுத்தே விட்டார்.

ஏழரைக்கு ஐந்து பெட்டியோடு போய் நின்றோம். மனைவிக்கு முகம் செத்துவிட்டது. அண்ணை ஒன்றையும் மறைக்காமல் நடந்ததைச் சொல்ல, சம்பந்தியம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

அவரிடமிருந்து நான் வைத்திருப்பது அந்தப் பத்து நிமிடம். வழியில் எது கூப்பிட்டாலும் இப்போது இறங்கிவிடுகிறேன். என் மனைவி வைத்திருப்பது வேறு. நேற்று அவருடைய முப்பத்தோராம் நாள் நினைவுப் பூசைக்கு ஏழு பெட்டி பயற்றம்பணியாரம் கட்டினாள். காரில் ஏற்றும்போது ஆறுதான் இருந்தது.

"ஒண்டை அந்த என்ஜின் கிழவருக்கு, அருங்காட்சியக விலாசத்துக்குத் தபாலில அனுப்பிப்போட்டன்" என்றாள்.

"அப்ப இரட்டைப்படையெல்லே?"

"கிடக்கட்டும். வேணுமெண்டால் அண்ணை வந்து இன்னொண்டைக் குடுக்கட்டும்" என்று சிரித்தவள், அப்படியே அழுதுவிட்டாள்.