மூன்று வாற் வெளிச்சம்

என் கணவரின் கட்டிலருகே இருந்த ஒட்சிசன் மெசினுக்கு முந்நூற்றைம்பது வாற் மின்சாரம் வேண்டும். அதன் முதுகிலேயே அப்படி எழுதி ஒட்டியிருந்தது. அவர் யார்ட் சேலில் வாங்கிவந்து பால்கனியில் நிறுத்தியிருந்த பழைய சைக்கிளின் டைனமோ தருவது மூன்று வாற். இந்த இரண்டு எண்களையும் வைத்துத்தான் குளிர்காலம் முழுக்க நாங்கள் சண்டை பிடித்தோம்.

நான் யாழ்ப்பாணத்தில் பௌதிகவியல் படிப்பித்தவள். ரொறன்ரோவுக்கு வந்து பேக்கரியில் பாண் அடுக்கி ஓய்வு பெற்றேன். அவருக்கு நுரையீரல் இறுகிக்கொண்டு வந்தது. மருந்து இல்லை என்று டொக்டர் நேராகவே சொல்லிவிட்டார். சென் ஜேம்ஸ் ரவுணில் பதினெட்டாம் மாடியில், மூக்கில் குழாயோடு கிடந்த மனிதனுக்கு ஒரே பயம்தான்: கறண்ட் நின்றால் என்ன செய்வது?

அதற்கு அவரிடம் பதிலும் இருந்தது. யுத்த காலத்தில் ஊரில் வருசக்கணக்காகக் கறண்ட் இல்லை. சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி மிதித்து, டைனமோவில் ரேடியோ கேட்டோம். அதில் அவர் பெரிய விண்ணன். செய்தி நேரத்தில் அயல் முழுக்க எங்கள் வீட்டில்தான் நிற்கும்.

"கறண்ட் நிண்டா நீர் மிதியும். மெசின் ஓடும்" என்றார்.

"ரேடியோ வேற, உது வேறயப்பா. உந்த மாதிரி நூறு டைனமோவுக்கு மேல வேணும்."

"படிப்பிக்கிற ஆக்களுக்கு ஏலாது எண்டுறதுதான் முதல் வாயில வரும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. டைனமோ எதையும் உண்டாக்குவதில்லை, கால் கொடுப்பதைத்தான் கம்பிக்கு மாற்றிக் கொடுக்கும் என்று தொடங்கினேன். கால் அதைச் சோற்றிலிருந்து எடுக்கிறது. உடம்புக்குள் சோறு எரிய ஒட்சிசன் வேண்டும். அந்த இடத்தில் நிறுத்திக்கொண்டேன். எத்தனையோ வகுப்புகளில் மூச்சு விடாமல் ஒப்புவித்த பாடம் அது. அவருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டு மிச்சத்தைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மாசிக் கடைசியில் ஒரு பின்னேரம் உறைமழை கொட்டி, கறண்ட் நின்று கட்டடம் முழுக்க இருண்டது. மெசின் கத்திக்கத்தி அடங்கியது. அவசரத்துக்கென்று மூலையில் நின்ற ஒட்சிசன் சிலிண்டரை இழுத்துவந்து குழாயை மாட்டினேன். அவசர இலக்கத்துக்குப் போன் அடித்தேன். வழியெல்லாம் மரம் முறிந்து கிடக்கிறது, லிஃப்டும் இல்லை, சிலிண்டர் முடிவதற்குள் எப்படியும் வந்துவிடுவோம் என்றார்கள்.

"மிதியும்" என்றார் அவர்.

"சிலிண்டர் இருக்கப்பா. பயப்பிடாதேங்கோ."

"மிதியுமப்பா."

அவர் கோபிப்பார், நக்கலடிப்பார். அவர் கெஞ்சி நான் கேட்டதே இல்லை. சைக்கிளை உருட்டிவந்து கட்டிலருகே ஸ்ராண்டில் நிறுத்தினேன். டைனமோவில் இன்னொரு வயரை முடிந்து மெசினுக்குப் பின்னால் கொண்டுபோய் விட்டேன். அது எதிலும் பொருந்தவில்லை, நிலத்தில் கிடந்தது. ஏறி மிதித்தேன். முன்னால் இருந்த சின்ன லைற் பற்றியது. போர்வையை இறுக்கிப் பிடித்திருந்த அவருடைய கை தளர்ந்தது.

எவ்வளவு நேரம் மிதித்தேனோ தெரியாது, முழங்கால் இரண்டும் விறைத்துப் போயின. சடாரென்று எல்லா அறையிலும் வெளிச்சம் வந்தது. மெசின் உறுமித் தொடங்கியது.

"பாத்தீரே? ஓடுது!" என்றார். அப்படியொரு சிரிப்பை அந்த முகத்தில் நான் மறந்தே போயிருந்தேன். இறங்கி, நிலத்தில் கிடந்த வயரைக் காலால் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டேன். போன் பண்ணுகிறவர்களுக்கெல்லாம் மனிசி மிதித்துத்தான் தன்னைக் காப்பாற்றினாள் என்று சொன்னார்.

சித்திரையில் மெசினைக் கடைசி அளவுக்குத் திருப்பிவிட்டார்கள். அதற்கு மேல் அதில் எண் இல்லை. ஆஸ்பத்திரி வேண்டாம் என்று அவர் தீர்மானமாகச் சொல்லியிருந்தார். நேர்ஸ் வந்து வலிக்கு மருந்து கொடுத்துவிட்டுப் போனபின், கண்ணால் சைக்கிளைக் காட்டினார்.

"மிதியும்."

கட்டடத்தில் கறண்ட் இருந்தது. மெசின் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. முந்நூற்றைம்பது வாற்றும் குறையாமல் வந்துகொண்டிருந்தது. குறைந்தது அவருக்குள்தான். அங்கே கொண்டுபோய்க் கொடுக்க என்னிடம் ஒரு வயரும் இல்லை. இயலாமை என்று புத்தகத்தில் படித்த சொல் அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. ஏறி உட்கார்ந்தேன்.

லைற் பற்றியது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, கண் திறந்தபடியே இருக்க, பார்ப்பதை நிறுத்திவிட்டார். எனக்குத் தெரிந்தது. கால் நின்றால் லைற்றும் நின்றுவிடும் என்பதால் தொடர்ந்து மிதித்தேன்.